மூக்கிலிருந்து எடுத்து வளர்த்த குருத்தெலும்பு என் முழங்காலுக்கு உதவுமா?

கேள்வி: நான் இலங்கையிலிருந்து வந்து சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் வசிப்பவன். வயது 56. முப்பது வருடங்களாக உணவகச் சமையலறையில் நின்றபடியே வேலை. நான்கு வருடங்களாக வலது முழங்காலில் நோவு இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த வைத்தியர், உட்பக்கத்தில் மூன்றாம் நிலைத் தேய்வு என்றும், கால் சற்று வில்லாக வளைந்திருக்கிறது என்றும், சில வருடங்களில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்றும் சொன்னார். பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் மூக்கிலிருந்து குருத்தெலும்பை எடுத்து வளர்த்து முழங்காலில் வைத்துப் பரிசோதிக்கிறார்கள் என்று மகள் வாசித்துச் சொன்னாள். அந்த ஆய்வில் நான் சேரலாமா? சென்னையில் இருக்கும் மைத்துனரோ, அங்கே ஸ்டெம் செல் ஊசியால் ஒரே நாளில் இதைச் செய்கிறார்கள், சில லட்சம் ரூபாய்தான், உடனே வா என்கிறார். எதைக் கேட்பது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்வதானால், இன்று பரிசோதனையில் இருக்கும் வளர்த்தெடுத்த குருத்தெலும்பு உங்கள் முழங்காலுக்குப் பொருந்தும் வாய்ப்பு குறைவு. சென்னை ஊசிக்காக விமானச் சீட்டு வாங்க வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டதுதான். அதற்குள் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சில செல்கள், மூட்டு நீரிலிருந்து ஊறி வரும் சத்தை நம்பியே வாழ்கின்றன. தோலில் காயம் பட்டால் இரத்தம் கசிந்து உறைந்து, அதன்மேல் புதுத் திசு வளர்கிறது. குருத்தெலும்பில் அந்த முதல் படியே நடப்பதில்லை. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் 1743இலேயே எழுதினார். அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தக் கூற்றை வளர்த்த செல்களால் அசைத்துப் பார்க்கும் முயற்சி ஒன்று நோயாளிகளிடம் நடந்து வெளியுலகுக்குத் தெரிந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள், நோயாளியின் முழங்காலிலிருந்தே சிறிது குருத்தெலும்பை எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, பழுதான இடத்தில் மீண்டும் வைத்த 23 பேரின் விவரத்தை 1994இல் வெளியிட்டார்கள்.

அதன் வழி வந்த சிகிச்சைகள் இன்று பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டன. பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதப் படலத்தில் நோயாளியின் சொந்தச் செல்களை ஏற்றி வைக்கும் மேசி என்ற பொருத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆனால் இவையெல்லாம் யாருக்காக உருவாக்கப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டிலோ விபத்திலோ அடிபட்டு, குருத்தெலும்பில் ஓர் இடத்தில் மட்டும் குழி விழுந்து, சுற்றிலும் மற்றப் பகுதி நன்றாக இருக்கும் இளவயதினருக்காக உருவானவை அவை. முற்றிய மூட்டுத் தேய்வு உள்ளவர்களை அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பின. பிரிட்டனில் 2017இல் இவ்வகைச் சிகிச்சையைப் பொது மருத்துவச் சேவையில் அனுமதித்தபோதுகூட, மூட்டில் தேய்வின் பாதிப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. "முழங்கால் குருத்தெலும்புக்குப் புதிய சிகிச்சை" என்று தலைப்பு வந்தால், மூட்டு தேய்ந்த ஒவ்வொருவரும் அது தமக்கானது என்று எண்ணிக்கொள்வது இயல்புதானே.

மூட்டுத் தேய்வு குருத்தெலும்போடு நிற்கும் நோயன்று. அடியிலுள்ள எலும்பு கெட்டிப்பட்டு ஓரங்களில் முள்போல் வளர்கிறது. மூட்டை உள்ளிருந்து போர்த்தியிருக்கும் உறை அழற்சி கொண்டு, குருத்தெலும்பை அரிக்கும் பொருள்களைத் தொடர்ந்து சுரக்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் இடையே அதிர்ச்சி தாங்கும் மெனிஸ்கஸ் என்ற திசு கிழிகிறது. கால் வளைந்திருந்தால் உடலின் சுமை ஒரு பக்கமாகவே இறங்குகிறது. இத்தனையும் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் புதிதாக ஒரு துண்டை வைத்தால், பழையதை அழித்த அதே சூழல் புதியதையும் அழிக்காதா என்பதுதான் ஆய்வாளர்கள் முன் நிற்கும் கேள்வி. தேய்ந்த முழங்காலிலிருந்து எடுக்கும் செல்களும், வயதான உடலிலிருந்து எடுக்கும் செல்களும் ஆய்வகத்தில் சோம்பலாகவே வளர்கின்றன என்பது இன்னொரு தடை.

பாசல் குழுவினர் மூக்கை நாடியதற்குக் காரணம் இதுதான். மூக்கின் நடுத்தடுப்பில் உள்ள குருத்தெலும்புச் செல்கள், கருவில் முழங்கால் செல்களிலிருந்து வேறுபட்ட மூலத்திலிருந்து தோன்றுபவை. வயது ஏறினாலும் குருத்தெலும்பு உண்டாக்கும் திறனை அவை பெரிதும் இழப்பதில்லை. முழங்காலில் வைத்தபின் அந்த இடத்துக்குரிய மரபணுக் குணத்தை அவை ஏற்றுக்கொள்கின்றன என்பதை ஆடுகளிடம் பார்த்திருக்கிறார்கள். செய்முறையும் எளிதில் விளங்கக்கூடியதே. மூக்குத் தடுப்பிலிருந்து 6 மில்லிமீட்டர் அளவுள்ள துண்டு ஒன்றை எடுத்து, அதன் செல்களை ஏறக்குறைய இரண்டு வாரம் பெருக்கி, கொலாஜன் படலத்தில் ஏற்றி மேலும் இரண்டு வாரம் வளர்க்கிறார்கள். கிடைக்கும் தகடு 3 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அதைப் பழுதின் வடிவத்துக்கு வெட்டித் தைத்துவிடுகிறார்கள். இந்த முறையில் பத்துப் பேருக்கு அறுவை செய்து இரண்டு ஆண்டுகள் கவனித்த விவரம் 2016இல் லான்செட் இதழில் வந்தது. பத்துப் பேரை வைத்துச் செய்யும் முதல் கட்ட ஆய்வு, ஆபத்து உண்டா என்று பார்ப்பதற்கானது. பயன் உண்டா என்று அதைக் கேட்கக்கூடாது.

அடுத்த கட்டம் பல நாடுகளின் மருத்துவமனைகளில் 108 பேரிடம் நடந்து, முடிவுகள் 2025இல் வெளியாயின. அதில் அவர்கள் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. நேரடியாக விதைப்பது நல்லதா, நாற்றங்காலில் வளர்த்து நடுவது நல்லதா என்று உழவர்கள் கேட்பது போன்ற கேள்வி அது. ஒரு பிரிவினருக்குச் செல்களைப் படலத்தில் ஏற்றி அதிகம் முதிரவிடாமல் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு இரண்டு வாரம் வளர்த்து, உண்மையான குருத்தெலும்பாக முதிர்ந்த தகட்டை வைத்தார்கள். இரண்டு பிரிவினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. முதிர்ந்த தகடு பெற்றவர்கள் இரண்டு ஆண்டு முடிவில் கூடுதல் பலன் கண்டதாகக் கூறினார்கள். நல்ல செய்திதான். ஆயினும் இவர்களும் ஓரிடத்தில் குழி விழுந்தவர்கள்; உங்களைப் போல உட்பக்கம் முழுவதும் தேய்ந்தவர்கள் அல்லர். அத்துடன், ஒப்பிடப்பட்ட இரண்டுமே வளர்த்த செல்கள்தாம். அறுவையே செய்யாமல் முறையான உடற்பயிற்சி மட்டும் பெற்ற ஒரு பிரிவு அந்த ஆய்வில் இல்லை.

தேய்வு நோயாளிகளிடம் இந்தத் தகட்டை வைத்துப் பார்த்த அனுபவம் இதைவிட மிகச் சிறியது. அழற்சி நிறைந்த சூழலிலும் மூக்குச் செல்கள் தாக்குப்பிடிக்கின்றன என்று ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் காட்டிய 2021ஆம் ஆண்டுக் கட்டுரையோடு, தேய்வுள்ள இரண்டே நோயாளிகளின் விவரமும் சேர்ந்து வந்தது. இருவருக்கும் வலி குறைந்தது. இரண்டு பேர் என்பது ஒரு நம்பிக்கை. சான்று என்று அதைச் சொல்ல முடியாது. அதன் தொடர்ச்சியாக ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையும் பாசலும் சேர்ந்து திட்டமிட்ட ஐரோப்பிய ஆய்வு, முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடைப்பட்ட மூட்டின் தேய்வை எடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் தேய்வோ உட்பக்கத்தில், உடல் எடையை நேரடியாகத் தாங்கும் இடத்தில் இருக்கிறது. வாய்ப்பு குறைவு என்று தொடக்கத்தில் எழுதியதற்கு இதுவே முதற்காரணம். ஆயினும் பாசல் மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்கு உங்கள் வைத்தியர் மூலம் எழுதிக் கேட்பதில் தவறேதும் இல்லை. புதிய ஆய்வுகள் தொடங்கலாம், சேர்க்கை நிபந்தனைகளும் ஆய்வுக்கு ஆய்வு மாறும்.

இரண்டாம் காரணம் உங்கள் காலின் வளைவு. ஜப்பானின் டோக்காய் பல்கலைக்கழக மருத்துவர்கள், தேய்ந்த முழங்கால்களில் வளர்த்த செல் தகடுகளை வைத்து, அதே வேளையில் கீழ்க்கால் எலும்பை வெட்டி வளைவையும் நிமிர்த்திய எட்டு நோயாளிகளின் விவரத்தை 2019இல் வெளியிட்டார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் தகடு எதுவும் வைக்காமல் வளைவை நிமிர்த்தும் அறுவையைத் தனியாகச் செய்தாலே வலி குறைகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். சுமை நீங்கிய இடத்தில் ஓரளவு நார்க் குருத்தெலும்பு தானாக மூடுவதையும் நாங்கள் பார்க்கிறோம். அப்படியானால் அந்த எட்டுப் பேருக்குப் பலன் தந்தது தகடா, நிமிர்த்தலா? ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல இயலாது. வளைந்த காலில் நிமிர்த்தாமல் எந்தப் பொருத்தை வைத்தாலும் அது நிலைக்காது என்பதில் மட்டும் எலும்பியல் மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஒப்பீட்டை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழங்கால் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. மோசமான நாள்களில்தான் நாம் மருத்துவரிடம் போகிறோம், அதன்பின் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு இறங்கும். அறுவை செய்துகொண்டோம் என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர்கள் 180 பேரிடம் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். ஒரு பிரிவினருக்கு நுண்துளை வழியாக மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கழுவிவிட்டார்கள். மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, உண்மையான அறுவை பெற்றவர்கள் போலி அறுவை பெற்றவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. அதுவரை உலகெங்கும் எண்ணற்ற முழங்கால்களில் நம்பிக்கையோடு செய்யப்பட்ட அறுவை அது. வளர்த்த குருத்தெலும்பிலும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. நோயாளியின் செல்களைத் தனிக் கருவியில் அழுத்தம் கொடுத்து வளர்த்த நியோகார்ட் என்ற பொருத்து, சிறு ஆய்வுகளில் நன்றாக வந்தது. 249 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், எலும்பில் நுண்துளையிடும் பழைய எளிய முறையைவிட ஓராண்டு முடிவில் மேலானது என்று நிறுவ முடியாமல் 2018இல் நின்றுபோனது.

உங்களைப் போன்றவர்களுக்கு இவற்றைவிடப் பக்கத்தில் வருவது, செல்லே இல்லாத ஒரு பொருத்து. பவளப்பாறையிலிருந்து எடுத்த அரகோனைட் என்னும் கனிமத்தால் இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அஜிலி-சி, எலும்பில் பதிந்து மேலே குருத்தெலும்பு வளரச் சட்டமாக நிற்பது. 251 பேரிடம் நடந்த அதன் ஆய்வில், குழிகளோடு இலேசான அல்லது நடுத்தரத் தேய்வும் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்; மூன்றாம் நிலையினரும் அதில் உண்டு. இரண்டாண்டு முடிவில், சுரண்டுதல் அல்லது நுண்துளையிடுதல் பெற்றவர்களைவிடப் பொருத்து பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். சுரண்டுதல் தேய்ந்த மூட்டில் பயன் தராது என்பதை ஹூஸ்டன் ஆய்வு இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. மிக எளிய எதிராளியை வென்றதாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். கால் அதிகமாக வளைந்தவர்களை இந்த ஆய்வும் சேர்க்கவில்லை.

இனி மைத்துனர் சொல்லும் சென்னை ஊசி. செல்களை உண்மையாகவே பெருக்கி வளர்க்க வாரக்கணக்கில் ஆகும் என்று மேலே பார்த்தோம். ஒரே நாளில் முடிகிறது என்றால், இடுப்பெலும்பு மச்சையையோ வயிற்றுக் கொழுப்பையோ உறிஞ்சி, சுழற்றிப் பிரித்து, முழங்காலில் ஊசியாகப் போடுகிறார்கள் என்று பொருள். இவ்வகை ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு, அமெரிக்காவில் ஏறத்தாழ 480 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று மூலங்களிலிருந்து எடுத்த செல்களில் எதுவும் ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசியைவிட மேலாக வலியைக் குறைக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஒப்புதல் பெறாத ஸ்டெம் செல் சிகிச்சையைப் பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே வணிகமாகத் தரக்கூடாது என்கின்றன. பெங்களூருவில் உருவான ஸ்டெம்பியூசெல் என்ற ஊசிக்கு 2022இல் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது உண்மை. ஆனால் அது கொடையாளிகளின் மச்சைச் செல்களை வளர்த்துத் தயாரிக்கும் மருந்து; மைத்துனர் சொல்லும் ஒரே நாள் வேலையும் அதுவும் ஒன்றல்ல. அந்த இடத்தில் "இது ஆய்வு" என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். பதிவு எண் தர மறுப்பவரிடமும், ஆய்வில் சேர நோயாளியிடமே லட்சங்கள் கேட்பவரிடமும் பேச வேண்டியது எதுவும் இல்லை.

ஊசியில் இருப்பது என்ன செல் என்பதுகூட எப்போதும் உறுதியல்ல என்பதற்குத் தென் கொரியாவில் நடந்தது போதும். இன்வோசா என்ற முழங்கால் ஊசிக்கு 2017இல் ஒப்புதல் தந்த அரசு, குருத்தெலும்புச் செல் என்று சொல்லப்பட்ட ஒரு பகுதி உண்மையில் சிறுநீரக மூலச் செல் என்று தெரியவந்ததும் 2019இல் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. கடுமையான கண்காணிப்புள்ள நாட்டிலேயே இது நடந்தது.

என்றாவது ஒரு முறையான ஆய்வுக்கு உங்களை அழைத்தால், கையொப்பமிடுமுன் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குலுக்கலில் எந்தெந்தப் பிரிவுகள் உள்ளன, மற்றப் பிரிவில் விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? எத்தனை மாதம் சமையலறையில் நிற்க முடியாது? (முதல் ஆறு வாரமாவது ஊன்றுகோல், பாரமான வேலைக்குத் திரும்ப ஓராண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்துக்குச் சம்பளக் காப்புறுதி உண்டா என்பதை முதலாளியிடம் கேட்க வேண்டும்.) பொருத்து தோற்றால் பின்னர் மூட்டு மாற்று செய்யத் தடை ஏதும் வருமா? பாதிப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு? சுவிட்சர்லாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள மனித ஆராய்ச்சிச் சட்டம் இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லும் கடமையை ஆய்வு நடத்துபவர்மேல் வைத்திருக்கிறது. இடையில் விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஜெர்மன் மொழியில் தடுமாற்றம் இருந்தால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது நம்மவர் வழக்கம். ஆனால் அப்பாவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஏங்கும் மகள், ஆபத்துகளைச் சொல்லும் பக்கத்தைத் தன்னையறியாமலே மென்மையாக்கிவிடுவாள்.

ஆய்வு வரும்வரை காத்திருப்பதைவிட, இப்போதே செய்யக்கூடியவை உங்கள் காலுக்கு உண்டு. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் முழுக்கால் எக்ஸ்ரேவும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கக் குருத்தெலும்பு நன்றாக இருந்தால், வளைவை நிமிர்த்தும் அறுவையும், உட்பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்றும் உங்களுக்கு உரிய வழிகளா என்று பேசலாம். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. அது அதிகமாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமையை ஏறக்குறைய நான்கு கிலோ குறைக்கிறது. மூட்டுத் தேய்வுக்காகவே டென்மார்க்கில் உருவான கிளாட் என்ற பயிற்சித் திட்டம் சுவிட்சர்லாந்திலும் நடக்கிறது. உங்கள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் விசாரியுங்கள்.

முழு மூட்டு மாற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மாற்றிய முழங்கால்களில் ஏறக்குறைய 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. ஆனால் ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் மறுமுறை செய்ய நேரிடுகிறது என்று பிரிட்டனின் தரவுகள் காட்டுகின்றன. எழுபதைத் தாண்டிச் செய்பவர்களிடம் அது மிகக் குறைவு. உங்கள் வைத்தியர் உடனே என்று சொல்லாமல் சில வருடங்களில் என்று சொன்னது இதனாலும் இருக்கலாம். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, என் கால் எத்தனை பாகை வளைந்திருக்கிறது, வெளிப்பக்கம் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாசலுக்கு எழுதினாலும் அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டைத்தான்.